காட்சிக்குக் கண்ணுடையார் யார்?

இயற்கையழகு கண்ணுள்ளோர் யாவர்க்கும் தானாகவே புலப்படுவதொன்று என்று பலர் நம்புகின்றனர். பயிற்சி பெற்ற சிலர்க்கே அது புலனாகும் என்பார் வேறு சிலர். இவ்விரு கூற்றுக்களையும் வெறுந் தத்துவமாக வைத்து வாதிடுவதிலும், ஒரு நிலத்தின் வரலாற்றிலே வைத்து நோக்குவது பயன் தரும் என்று கருதுகிறோம். அதற்கு வாய்ப்பானது இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஏரி மாவட்டம்.

1720களில் அந்நாடு முழுவதையும் பற்றி எழுதிய டானியல் டீபோ, ஏரி மாவட்டத்தின் ஒரு பகுதியான வெஸ்ட்மோர்லாந்தைத் தாம் கடந்துவந்த இடங்கள் யாவற்றிலும் வறண்டது, அச்சந் தருவது என்று பழித்தார். அறுபது ஆண்டுகள் கழியுமுன் அதே மலைகளைக் காணக் கனவான்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தனர். மலைகள் மாறவில்லை, பார்ப்பவர் கண்ணே மாறிற்று. செல்வக் குடும்பத்து இளைஞர் இத்தாலிக்குச் சென்று வருவது அந்நூற்றாண்டின் வழக்கு. பதினேழாம் நூற்றாண்டு ஓவியரான கிளோட் லொறேனின் பொன்னொளி படர்ந்த நிலக்காட்சிகளை விலைகொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டியோர், அவ்வோவியங்களை ஒத்த நிலத்தைத் தம் நாட்டிலே தேடலாயினர்.

1778இல் தோமஸ் வெஸ்ட் என்னும் பாதிரியார் வெளியிட்ட வழிகாட்டி நூல், எந்த ஏரியை எவ்விடத்தில் நின்று எத்திசை நோக்கிக் காணவேண்டும் என்று நிலைகள் வகுத்துக் கொடுத்தது. சாயமேற்றிய சிறு குவிகண்ணாடி ஒன்றையும் பயணிகள் கையிற் கொண்டு சென்றனர். ‘கிளோட் கண்ணாடி’ என்பது அதன் பெயர். ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று, ஏரியின் பிம்பத்தை அக்கண்ணாடியிலே கண்டு மகிழ்வதே உயர்ந்த இரசனை எனப்பட்டது!

இக்கோலம் நகைப்புக்குரியது. ஆனால், இதே இரசனைக்கு இலக்கணம் வகுத்த வில்லியம் கில்பின் 1786இல் எழுதியது நகைப்புக்குரியதன்று. அறநோக்கில் உழைப்பாளியே இனியவன். ஓவிய நோக்கிலோ சோம்பியிருக்கும் குடியானவனே பொருத்தமானவன் என்பது அவர் கருத்து. கில்பினை நாம் கொடியவர் என்று சொல்லமாட்டோம். தம் கலைக்கொள்கை எதனை வேண்டுகிறது என்பதை அவர் ஒளிக்காமற் கூறினார்: உழைப்பு காட்சியினின்றும் அகலவேண்டும். 1750க்கும் 1850க்கும் இடையே ஏறத்தாழ 4000 பாராளுமன்றச் சட்டங்கள் இங்கிலாந்தின் பொதுநிலங்களையும் திறந்த வயல்களையும் வேலியிட்டுத் தனியார்க்கு உரிமையாக்கின. நிலத்தில் மக்களுக்கிருந்த உரிமை சுருங்கிய அதே காலத்திலேதான் மக்களற்ற நிலம் அழகின் அளவுகோலாயிற்று என்பதை மாணவர் மனங்கொள்ள வேண்டும்.

வேர்ட்ஸ்வேர்த்தை இவ்வரிசையில் அப்படியே நிறுத்துதல் தகாது. டாஃபடில் மலரை ஒருபோதுங் காணாத நம் பாடசாலைப் பிள்ளைகள் அவர் கவிதையை மனனஞ் செய்தமை குடியேற்றக் கல்வியின் கோளாறேயன்றிக் கவிஞரின் குற்றமன்று. ஏரி மாவட்டத்து இடையரையும் சிறு விவசாயிகளையும் அவர் உண்மையாகவே மதித்தார். 1810இல் முதன்முதலாக வெளிவந்து பின்னர் பலமுறை விரிந்த தமது வழிகாட்டியிலே, அம்மாவட்டம் ஒருவகைத் தேசியச் சொத்து என்றும் கூறினார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: காணும் கண்ணும் துய்க்கும் உள்ளமும் உடையார்க்கே அச்சொத்தில் உரிமை.

அந்நிபந்தனையின் பொருள் 1844இல் வெளிப்பட்டது. கெண்டாலிலிருந்து வின்டமியருக்குப் புகையிரதப் பாதை அமைக்கத் திட்டமிட்டபோது, எழுபத்துநான்கு வயதினரான அரசவைக் கவிஞர் பத்திரிகைக்கு இரு கடிதங்கள் எழுதினார். மலைக்காட்சியை உணரும் ஆற்றல் மனிதர்க்கு இயல்பாக வாய்ப்பதன்று. படிப்படியான பயிற்சியால் வருவது. ஆலைத் தொழிலாளரைத் திரள்திரளாகக் கொண்டு வந்து இறக்குவதால் அவர்க்கும் பயனில்லை, ஏரிக்கும் கேடு. அவர்கள் தம் ஊரயல் வயல்களிலே உலாவிப் பழகட்டும். இதுவே அவர் வாதம். கூடவே, தம் காணிக்குள் நின்ற பெருமரத்தை வெட்டி விற்கச் சொன்ன அயலவரிடம், அதனை மண்டியிட்டு வணங்கினும் வணங்குவேனேயன்றி வெட்டேன் என்று மறுத்த ஒரு சிறு விவசாயியைப் பற்றியும் அவரே எழுதியிருக்கிறார். எந்த வழிகாட்டி நூல் அம்மனிதனுக்கு அக்கண்ணைக் கொடுத்தது?

அழகுணர்ச்சி கற்றுக்கொள்ளப்படுவது என்ற மட்டில் கவிஞர் சொன்னது சரியே. டீபோவே அதற்குச் சான்று. தவறு அதிலிருந்து அவர் கண்ட முடிவிலே உள்ளது. கற்கவேண்டியது ஒன்றெனின், கற்பதற்கு ஓய்வும் பயணச் செலவும் வேண்டுமென்பதே நேரான முடிவு. மேலும், தொழிலாளர் கல்லாதிருந்தாரென்பதும் உண்மையன்று. லங்காஷயர் நெசவாளருள் தாவரவியல் வல்லார் பலர் இருந்தனர். மதுச்சாலையிலே கூடி, திரட்டிவந்த செடிகளை மேசைமேற் பரப்பி, இலத்தீன் பெயர்களைச் சரிபார்த்த அவர்களை எலிசபெத் காஸ்கெல் 1848இல் வெளியான ‘மேரி பார்ட்டன்’ நாவலிலே பதிந்துள்ளார். கனவான் கண்ணாடியில் ஏரியைக் கண்ட நாட்டில், நெசவாளி பாசியைக் கையிலெடுத்துப் பார்த்தான். நிபுணன் என்ற பெயர் எவர்க்குக் கிடைத்தது என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

புகையிரதம் 1847இல் வந்தது. ஆலைகளிலே பெண்களுக்கும் இளைஞருக்கும் வேலைநேரத்தைப் பத்து மணியாக வரையறுத்த சட்டமும் அவ்வாண்டிலேயே நிறைவேறிற்று. ஆயினும் பழைய அச்சம் மறையவில்லை. முதலாளித்துவப் பொருளியலைக் கடுமையாகச் சாடியவரும், காந்தியடிகளின் சிந்தனையைத் திருப்பியவருமான றஸ்கின்கூட, 1876இல் புகையிரத விரிவை எதிர்த்தபோது, குடித்த கூட்டம் ஹெல்வெலின் மலையைக் காண்பதில் தமக்கு விருப்பமில்லை என்று எழுதினார்.

மக்கள் வேறுவகையிலே விடையிறுத்தனர். 1887இல் கெசிக் நகரையடுத்த லற்றிக் குன்றின் பாதைகள் அடைக்கப்பட்டபோது ஏறத்தாழ 2000 பேர் தடைகளை நீக்கிக்கொண்டு உச்சிக்கு ஏறினர். 1932 ஏப்ரல் 24இல், மன்செஸ்டருக்கும் ஷெபீல்டுக்கும் இடையிலுள்ள கின்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்திலே, நிலவுடைமையாளர் பறவை வேட்டைக்கென மூடிவைத்திருந்த பகுதிக்குள் சில நூறு தொழிலாள இளைஞர் நுழைந்தனர். தலைமை தாங்கிய பெனி றொத்மனுக்கு வயது இருபது. ஐவர் சிறை சென்றனர். 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் நிறைவேறிற்று. 1951இல் ஏரி மாவட்டம் தேசியப் பூங்காவாயிற்று.

2017இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தபோது, காட்சியழகோடு செம்மறி மேய்ச்சல் வாழ்வையும் அதன் சிறப்பாக ஏற்றது. சூழலியல் எழுத்தாளர் ஜோர்ஜ் மொன்பியோ போன்றோரோ, காணவருவோர் வியக்கும் அம்மொட்டை மலைகள் மந்தைகள் மேய்ந்து அழித்த காடுகளே என்கின்றனர். இவ்வாதத்தில் நியாயம் உண்டு; ஆனால் மீண்டும் ஒருமுறை, அங்கு உழைப்பவன் காட்சிக்கு இடையூறாகிவிடுகிறான் என்ற ஐயம் நமக்கு எழுகிறது. அம்மாவட்டத்து இடையர் குடும்பத்தில் வந்த ஜேம்ஸ் றீபங்ஸ் தம் பாடசாலைக் காலத்தை 2015இல் ஒரு நூலிலே நினைவுகூர்ந்தார். ஆசிரியை ஏரி மாவட்டத்தைப் புகழ்ந்து பேசுகிறார். கவிஞரும் மலையேறிகளும் அப்பேச்சில் வருகின்றனர். எதிரே அமர்ந்திருப்போர் பல தலைமுறையாக அந்நிலத்திலே மந்தை மேய்த்தவரின் பிள்ளைகள். அவர்தம் பாட்டனோ தந்தையோ அப்பேச்சில் ஓரிடத்திலும் வரவில்லை.