ஆசியாவுக்கே கோடு போட்டவர்

பள்ளி விளையாட்டு விழாவில் ஓட்டப்பந்தயத்தில் முதலில் வந்த மாணவனை ஊரே தெரிந்து வைத்திருக்கும். ஆனால் விடியற்காலையில் எழுந்து மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டவரை? பூம்புகார் பள்ளி மைதானம் ஆனாலும் சரி, டெல்லி ஸ்டேடியம் ஆனாலும் சரி, இதே கதைதான்!

ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு முதல் கோடு போட்டவர் ஓர் இந்தியர். பெயர் குரு தத் சோந்தி. 1890-ல் பிறந்தவர். மாணவப் பருவத்தில் அரை மைல் ஓட்டக்காரர். பின்னாளில் லாகூர் அரசுக் கல்லூரியின் முதல்வர். 1932-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் உறுப்பினர் ஆனார்.

ஓடுவதை நிறுத்திய பிறகு மற்றவர்கள் ஓட இடம் தேடினார் சோந்தி. 1934-ல் டெல்லியில் மேற்கு ஆசியப் போட்டியைக் கூட்டினார். வந்தவை இந்தியா, இலங்கை, ஆப்கானிஸ்தான், பாலஸ்தீனம் என நான்கே அணிகள். அடுத்த போட்டி நடக்கவே இல்லை. உலகப் போர் வந்துவிட்டது.

அவர் விடவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்குக்கு வந்திருந்த ஆசிய நாட்டு அணித் தலைவர்களைக் கூட்டிப் பேசினார். 1949 பிப்ரவரியில் டெல்லியில் ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பு பிறந்தது. 1951 மார்ச்சில் முதல் போட்டி; 11 நாடுகள், 489 வீரர்கள். முன்னின்று நடத்தியவர் ஆண்டனி டி மெல்லோ என்றாலும் விதை சோந்தி போட்டது. லண்டன் ஒலிம்பிக்கில் சேர்த்துக்கொள்ளப்படாத ஜப்பானும் இங்கே வந்து ஓடியது.

சோதனை 1962-ல் வந்தது. ஜகார்த்தா போட்டிக்கு இஸ்ரேல், தைவான் வீரர்களை இந்தோனேசியா வரவிடவில்லை. "எல்லோரையும் அழைக்காத போட்டிக்கு ஆசியப் போட்டி என்ற பெயர் எதற்கு?" என்பதுதான் சோந்தியின் வாதம். செப்டம்பர் 3-ம் தேதி இந்தியத் தூதரகத்தை ஒரு கூட்டம் தாக்கியது. சோந்தி ஊரைவிட்டே வெளியேற நேர்ந்தது. மறுநாள் கால்பந்து இறுதி ஆட்டத்தில் இந்திய அணிக்கு எதிராக ஒரே கூச்சல். அதிலும் தென் கொரியாவை 2-1 என்று வென்றார்கள் நம் வீரர்கள்!

போட்டியின் பெயர் மாறவில்லை. ஆனால் 1963-ல் ஒலிம்பிக் கமிட்டி இந்தோனேசியாவை இடைநீக்கம் செய்தது. 1966 டிசம்பரில் பாங்காக் போட்டிக்கு இஸ்ரேலும் தைவானும் வந்தன.

அதைப் பார்க்க சோந்தி இல்லை. முந்தைய மாதம்தான் இறந்துபோனார்.

பதக்கப் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. ஆனால் அந்தப் பட்டியலே அவரால் வந்ததுதான். அடுத்த முறை ஆசியப் போட்டியைப் பார்க்கும்போது, கோடு போட்டவரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாமே!