குடும்பிகல மலையும் வரலாற்றுப் பார்வையும்

ஈழத்தின் தென்கீழ்க் கரையிலே, பொத்துவிலிலிருந்து அறுகம் குடாவையும் பாணமையையும் கடந்து தெற்கு நோக்கிச் செல்லும் வழி, உகந்தை மலையை அணுகுமுன்னர் அடர்ந்த காட்டினூடே ஒரு கிளையாகப் பிரிகின்றது. அக்கிளைவழி சென்றடையும் பாறைக் குன்றுகளே குடும்பிகல எனப்படும் தொன்மைவாய்ந்த துறவியர் உறைவிடமாகும். கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலேயே இங்குப் பௌத்த துறவியர் வாழ்ந்தனர் என்பது மரபு. நெடுங்காலம் பாழடைந்து கிடந்த இவ்விடம், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மீண்டும் பிக்குகள் தவம்புரியும் வனவிகாரையாயிற்று.

மலையேற்றம் நெடியதன்று, ஆயினும் எளியதுமன்று. பாறை சூடேறுமுன்னர்க் காலையிலேயே ஏறத் தொடங்குதல் நன்று. யானையும் கரடியும் சிறுத்தையும் உலவும் காடாதலின், இடமறிந்த வழிகாட்டியின் துணை வேண்டும். தவம் செய்வோர் உறையும் இடமாதலின் உரத்த பேச்சு ஆகாது. உலர்காட்டு மரநிழலிலே பெரும் பாறைகளுக்கிடையே வளைந்து செல்லும் ஒற்றையடிப் பாதை, குகைகள் பலவற்றைக் கடந்து மொட்டைப் பாறையை அடைகின்றது. பாறையின் உச்சியிலே உருளை வடிவான சிறிய தாதுகோபம் ஒன்று நிற்கின்றது. குமிழி வடிவத் தாதுகோபங்களே மலிந்த இந்நாட்டில் இவ்வடிவம் மிக அரியது. அங்கு நின்று நோக்குவார்க்குக் கிழக்கே கடலும், தெற்கே குமனைக் காடும், இடையிடையே பாறைக் குன்றுகளும் தோன்றும்.

உச்சியின் காட்சியினும் மாணவர் கருத்தைக் கவரவேண்டியவை குகைகளேயாம். இயற்கைக் குகையின் நெற்றியில் உளியாற் செதுக்கிய நீர்வடி விளிம்பு, பாறைமீது வழியும் மழைநீர் உள்ளே புகாது வெளியே சொட்டுமாறு அமைந்ததாகும். இத்தகைய விளிம்பின் கீழேதான் நாட்டின் மிகப் பழைய பிராமிச் சாசனங்கள் பொறிக்கப்பட்டன. கிறித்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டு தொடக்கம் கிறித்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டு வரையான அச்சாசனங்கள் சுருக்கமானவை: கொடுத்தவர் பெயர், அவர் நிலை, குகை சங்கத்துக்குரியது என்னும் செய்தி, அவ்வளவே. கொடுத்தவருள் அரசர் உளர், 'கபதி' எனப்பட்ட இல்லறத்தார் உளர், வணிகரும் உளர். 'பருமக' என்னும் பட்டத்தைப் பரணவிதான வடமொழிப் 'பிரமுக' என்பதன் திரிபாகக் கொண்டார். தமிழிற் 'பெருமகன்' என்பதோடு தொடர்புபடுத்துவாரும் உளர்.

1970ஆம் ஆண்டிற் பரணவிதான வெளியிட்ட சாசனத் தொகுதியிலே, 'தமெட' எனக் குறிக்கப்பட்ட தமிழர் சிலரும் இடம்பெறுகின்றனர். வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்திற் குகை கொடுத்த விசாகன் ஒரு தமிழ் வணிகன். அம்பாறை மாவட்டத்துக் குடுவிற் சாசனமோ தீகவாபி வணிகரோடு திஸ்ஸை என்னும் தமிழ்ப் பெண்ணையும் குறிப்பிடுகின்றது. பொத்துவிலுக்கு வடக்கேயுள்ள இந்நிலப்பரப்பிலே, 2000 ஆண்டுகளுக்கு முன்னர்த் தமிழ்ப் பெண்ணொருத்தியின் பெயர் பௌத்த குகையொன்றிற் பொறிக்கப்பட்டதென்பது சிந்தித்தற்குரியது. பௌத்தச் சின்னமெல்லாம் ஓரினத்தார்க்கே உரியதென்பாரையும், அதனால் அது தமக்கு அயலானதென்று ஒதுங்குவாரையும் இச்சிறு சாசனம் ஒருங்கே மறுக்கின்றது.

ஆயினும் எதிர்த்திசையில் வரம்பு கடத்தலும் தகாது. 'குடும்பி' என்பது தமிழிற் சிகையை உணர்த்தும். பாளியிற் 'குடும்பிக' என்பது இல்லறத்தானை உணர்த்தும். ஒலியொப்புமை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு மலையின் உரிமையை நிறுவ முனைவது வரலாறாகாது. சான்று எதுவரை செல்கின்றதோ அதுவரையே நாமும் செல்லுதல் வேண்டும்.

பொத்துவிலுக்கு மேற்கே லகுகலவிலுள்ள மகுல் மகா விகாரை மற்றொரு பாடத்தைக் கற்பிக்கின்றது. அங்குள்ள 14ஆம் நூற்றாண்டுச் சிங்களச் சாசனம், 5ஆம் நூற்றாண்டுத் தாதுசேனனோடு இணைத்துக் கருதப்படும் மன்னன் ஒருவன் அமைத்த விகாரையை விகாரமகாதேவி என்னும் அரசி புதுக்கிய செய்தியைக் கூறுகின்றது. இவ்வரசி துட்டகைமுனுவின் தாயல்லள். பெயர் ஒன்றே, காலமோ வேறு. அங்குள்ள சந்திரவட்டக்கல்லில் யானைகளின் முதுகிலே பாகர் அமர்ந்திருக்கும் சிற்பம் தனிச்சிறப்புடையது. இடிபாடு ஒன்று ஒரு காலத்துக்கு மட்டும் உரியதன்று. அமைத்தோர், கைவிட்டோர், புதுப்பித்தோர், அதனருகே குடியேறி வாழ்ந்தோர் யாவரும் அதன் வரலாற்றிற் பங்குடையர்.

இக்கருத்து ஏட்டளவில் நிற்பதன்று. பொத்துவிற் கடற்கரை மணற்றிட்டுகளிடையே முகுது மகா விகாரையின் சிதைவுகள் உள்ளன. துட்டகைமுனுவின் தாய் விகாரமகாதேவி கரையேறிய இடம் இதுவென ஒரு மரபு கூறும். கிரிந்தையும் அப்பெருமைக்கு உரிமை கோரும். இச்சிதைவுகளைச் சூழ்ந்த நிலத்தில் விகாரையின் எல்லை யாது, முஸ்லிம் குடிமக்களின் காணி யாது என்னும் வினா பிணக்குக்குரியதாயிற்று. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைகளை முகாமை செய்வதற்கென ஒரு சனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டபோது, அதன் முதற்பட்டியலிலே தமிழரோ முஸ்லிம்களோ எவரும் இடம்பெறவில்லை. அம்மண்ணில் வாழ்வோரைப் புறத்தே நிறுத்தி அம்மண்ணின் தொன்மையைக் காத்தல் இயலுமா என்பதே அன்றெழுந்த கேள்வியாகும். தொன்மையை அழியவிடுதலும் தவறு. தொன்மையைக் காரணங்காட்டி வாழ்வோரை அஞ்சச் செய்தலும் தவறு.

குடும்பிகல மலையைச் சூழ்ந்த வாழ்க்கையோ வேறொரு நெறியைக் காட்டுகின்றது. திருக்கோவில், சங்கமன்கண்டி, பொத்துவில், பாணமை, உகந்தை எனக் கால்நடையாகக் கதிர்காமஞ் செல்லும் அடியார் பாதை இப்பகுதியூடாகவே செல்கின்றது. 1985ஆம் ஆண்டிலே போர்ச்சூழலால் மூடப்பட்ட அண்டைக் குமனைப் பூங்கா, 2003ஆம் ஆண்டிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இன்று அதே வழியிற் பிக்குவும் முருகனடியாரும் முஸ்லிம் ஓட்டுநரும் ஒருவரையொருவர் கடந்து செல்கின்றனர்.

ஆதலின் பல்கலைக்கழக மாணவர் இம்மலையைக் கண்டு களிப்பதோடு அமையாது, பிராமி எழுத்தையும் பாளி மொழியையும் ஓரளவேனும் கற்றுச் செல்லுதல் நன்று. சாசனத்தைப் படிக்கத் தெரியாதவன், பிறர் படித்துச் சொன்னதை நம்பவோ மறுக்கவோ மட்டுமே வல்லவன். தானே ஆராய்ந்து தெளிய அவனால் இயலாது. குகையின் நெற்றியிற் பெயர் பொறித்த அந்நாளை இல்லறத்தாரும் வணிகரும் அக்கொடையைத் தம் இனத்துக்கென ஒதுக்கிவைக்கவில்லை. நாற்றிசையிலிருந்தும் வந்த, வரப்போகும் துறவியர்க்கெல்லாம் என்றே கொடுத்தனர். அக்கொடையின் பரப்பை நம் பார்வையும் பெறுமாயின், பொத்துவிலின் கற்கள் பகைக்கு அன்றி அறிவுக்குச் சான்றாகும்.