க்ளோத் ரேமோன்: மான்ட்ரியலின் உள்ளூர் பிட்சர்

மான்ட்ரியல் எக்ஸ்போஸ் பேஸ்பால் அணிக்காக ஆடிய முதல் கியூபெக்காரர் க்ளோத் ரேமோன். பந்தெறியும் பிட்சர், பிரெஞ்சு வர்ணனையாளர், பயிற்சியாளர் என மூன்று வேடங்களில் 1969 முதல் 2004 வரை அவர் அந்த அணியோடு பிணைந்திருந்தார். அணியின் ஆயுளும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

அவர் பிறந்தது 1937 மே 7 அன்று, மான்ட்ரியலுக்குத் தென்கிழக்கே ரிஷ்லியூ ஆற்றங்கரையில் உள்ள சேன்-ஜான் ஊரில். பனி ஹாக்கியே உயிர்மூச்சான கனடிய மாகாணம் கியூபெக் என்றாலும், பேஸ்பால் அங்கே அந்நியமானதல்ல. 1946இல் டெலோரிமியே மைதானத்தில் மான்ட்ரியல் ராயல்ஸ் அணிக்காகக் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் ஆடியபோது ரேமோனுக்கு ஒன்பது வயது. மறு ஆண்டு அமெரிக்க மேஜர் லீக்கின் நிறத்தடையை உடைத்தவர் அதே ராபின்சன். 1960 பருவத்தோடு ராயல்ஸ் நகரைவிட்டுப் போனது.

1959இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியில் சில ஆட்டங்கள் மட்டும் ஆடிய ரேமோன், பிறகு மில்வாக்கி பிரேவ்ஸ், ஹூஸ்டன், அட்லாண்டா என ஊர் ஊராக மாறினார். அவர் ரிலீஃப் பிட்சர்: முதலில் எறிபவர் களைத்தபின் இறங்கி, இருக்கும் முன்னிலையைக் காப்பாற்ற வேண்டியவர். கிரிக்கெட்டில் கடைசி ஓவர்களுக்கென்று பந்துவீச்சாளரை ஒதுக்கிவைப்பது போன்ற வேலை. ஹூஸ்டனில் இருந்தபோது 1966இன் ஆல்-ஸ்டார் அணிக்குத் தேர்வானார். ஆனால் பந்தெறிய வாய்ப்புக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு சேகரிப்பாளர்களுக்காக டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட வீரர் பட அட்டையில் அவருடைய காற்சட்டை ஜிப் திறந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை போலும். 1967 அட்டையிலும் அப்படியே. ஆல்-ஸ்டார் தேர்வைவிட இதுவே சேகரிப்பாளர்களிடையே அதிகம் பேசப்பட்டது.

1969இல் எக்ஸ்போஸ் பிறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அமைந்த முதல் மேஜர் லீக் அணி. ஜாரி பார்க் மைதானத்தில் ஏப்ரல் 14 அன்று நடந்த முதல் உள்ளூர் ஆட்டத்தில் செயின்ட் லூயிஸை 8-7 என்று வென்றது.  முதல் பருவத்தில் அணி 110 ஆட்டங்களில் தோற்றது. ஆனாலும் பன்னிரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் பார்க்க வந்தனர். ஆகஸ்டில் ரேமோன் அட்லாண்டாவிலிருந்து வந்து சேர்ந்தார். 1970இல் அணி வென்ற 73 ஆட்டங்களில் 23 ஆட்டங்களை அவர் முடித்துக் காப்பாற்றினார். இப்படிக் காப்பாற்றுவதைக் குறிக்கும் ‘சேவ்’ அதிகாரபூர்வக் கணக்காகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1971 பருவத்தோடு அவருடைய ஆட்டக்காலம் முடிந்தது: 449 ஆட்டங்கள், 46 வெற்றி, 53 தோல்வி. சாதனைப் பட்டியலில் மேலே நிற்கும் எண்கள் அல்ல இவை.

அவருடைய செல்வாக்கு அதன்பிறகே வளர்ந்தது. வானொலியிலும் தொலைக்காட்சியிலுமாக 2001 வரை பிரெஞ்சு மொழியில் ஆட்ட விளக்கம் சொன்னார். வானொலியில் அவரோடு அமர்ந்தவர் ஜாக் தூசே. களத்தில் நின்று எறிந்த ஒருவரே அடுத்த பந்து ஏன் வெளியே போகும் என்று தாய்மொழியில் சொல்லித் தந்தது, கியூபெக்கின் ஒரு தலைமுறை ரசிகர்களுக்குப் பாடமாக அமைந்தது.

2002இல் அணியை லீக்கே வாங்கிக்கொண்டது. மேலாளராக வந்த ஃபிராங்க் ராபின்சனின் பயிற்சியாளர் குழுவில் ரேமோன் சேர்ந்தார். அறுபத்தைந்தை நெருங்கும் வயதில் மீண்டும் சீருடை. காலம் நன்றாக இல்லை: 2003இலும் 2004இலும் ‘உள்ளூர்’ ஆட்டங்கள் சிலவற்றைப் புவேர்ட்டோ ரிக்கோவில் ஆட வேண்டியிருந்தது. 2003 செப்டம்பரில் கூடுதல் வீரர்களை அழைத்துக்கொள்ளப் பணம் தர லீக் மறுத்தது. புள்ளிப்பட்டியலில் நல்ல நிலையில் இருந்த அணிக்கு அது அநியாயம் என்றே சொல்ல வேண்டும்.

2004 செப்டம்பர் 29 அன்று அணி வாஷிங்டனுக்குப் போகும் என்ற அறிவிப்பு வந்தது. அன்றிரவு ஒலிம்பிக் மைதானத்தில் 31,395 பேர் முன்னிலையில் புளோரிடாவிடம் 9-1 என்று எக்ஸ்போஸ் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் ரசிகர்களிடம் பிரெஞ்சில் விடைபெற்றவர் ரேமோன். ஜாரி பார்க் மைதானம் இன்று டென்னிஸ் அரங்காக இருக்கிறது. மேஜர் லீக் அணி எதுவும் மான்ட்ரியலுக்குத் திரும்பவில்லை.