தேக்கு மரமும் இறையில்லமும்

மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளிவாசலுக்குத் தூண்களாக நின்றவை பேரீச்ச மரங்கள். கூரையாக அமைந்தவை அவற்றின் மட்டைகள். அம்மண் தந்த மரம் அதுவே. ஆயினும் பேரீச்சந் தண்டு நாரால் ஆனது. அதில் வைரம் பாய்வதில்லை. எனவே, நாளடைவில் தூண்கள் உளுத்துப் போக, அபூபக்ர் (ரலி) அவர்கள் காலத்தில் அவற்றை மாற்ற நேர்ந்தது. பின்னர் ஹிஜ்ரீ 29-இல் (கி.பி. 649-650) உஸ்மான் (ரலி) அவர்கள் பள்ளியை விரிவாக்கியபோது, தூண்களைக் கல்லாலும் கூரையை ‘ஸாஜ்’ மரத்தாலும் அமைத்தார்கள். இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. ஸாஜ் என்பது இந்தியாவிலிருந்து கொண்டுவரப்படும் மரம் என்று பழைய அரபு அகராதிகள் பொருள் கூறும். அது நம் தேக்கேயாகும்.

அரபு நாட்டார் கடல் கடந்து வருவித்த அம்மரம், தான் பிறந்த மண்ணில் எவ்வாறு இறையில்லமாயிற்று என்பதைக் காண வேண்டுமாயின், கோழிக்கோட்டில் குற்றிச்சிறாக் குளத்தருகே நிற்கும் மிஸ்கால் பள்ளிக்குச் செல்ல வேண்டும். 14-ஆம் நூற்றாண்டில் அதனைக் கட்டியவர் நாகுதா மித்கால் என்னும் கப்பல் வணிகர். அந்நகரின் பெருஞ்செல்வர்களுள் ஒருவராக இப்னு பதூதா தம் பயண நூலில் அவரைக் குறிப்பிடுகிறார்.

அப்பள்ளியில் மினாராவும் இல்லை, குவிமாடமும் இல்லை. அடுக்கடுக்காகச் சரியும் ஓட்டுக் கூரையும், மரத்தால் இயன்ற மேல்நிலைகளுமே அதன் அழகு. நாகுதா தம் நாட்டுக் கட்டட முறையை இங்கே திணிக்கவில்லை. மலபார்த் தச்சர் மரபிடமே பணியை ஒப்படைத்தார். அம்மரபில் சுவர் மட்டுமே பாரம் தாங்குவதில்லை. தூண், உத்திரம், விட்டம், கைமரம் என ஒன்றையொன்று பற்றி நிற்கும் மரச்சட்டமே வீட்டின் எலும்புக்கூடு. ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி, மற்றொன்றின் துளையில் பொருத்தி, மர ஆணியால் இறுக்குவர். தேக்கின் வெளிப்புறத்து வெள்ளைப் பகுதியைக் கழித்து, எண்ணெய்ப் பசையுள்ள வைரத்தையே கொள்வர். அதனைக் கறையான் எளிதில் அண்டாது. மழையிலும் வெயிலிலும் அது அதிகம் திருகாது.

கி.பி. 1510-இல் அல்புகர்க்கின் போர்த்துகீசியப் படை கோழிக்கோட்டைத் தாக்கியபோது இப்பள்ளிக்கும் தீ வைத்தது. ஆயினும் பள்ளி அழியவில்லை. சிதைந்த பகுதிகளைச் செப்பனிட்டு, தொழுகைக்குரிய இல்லமாகவே அதனைக் காத்தனர். மரச்சட்டத்தின் சிறப்பு இதுவே: பழுதுபட்ட உறுப்பை மட்டும் கழற்றி, வேறொன்றைப் பொருத்தலாம்.

மரம் வற்றாத ஊற்றன்று. கப்பல் கட்டுவதற்காக ஆங்கிலேயர் மலபார்க் காடுகளை வெட்டித் தீர்த்தமையால், 1840-களில் கலெக்டர் கானலி நிலம்பூரில் தேக்கு நடத் தொடங்கினார். அத்தோட்டத்தை உருவாக்கியவர் சாத்து மேனன். ஒரு தேக்கு முற்றி வைரம் பாய ஒரு மனிதனின் ஆயுட்காலம் வேண்டும். நட்டவன் வேறு, அம்மரத்தின் நிழலில் தொழுபவன் வேறு.

மதீனாவில் பேரீச்சை, மலபாரில் தேக்கு, நம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கருங்கல்: முன்னோர் அந்தந்த மண் தந்ததைக் கொண்டே ஸுஜூதுக்கு இடம் செய்தனர். இறையில்லத்துக்கு இன்ன வடிவம்தான் வேண்டும் என்று மார்க்கம் விதிக்கவில்லை. ஆனால் நாமோ, குவிமாடம் இல்லாதது பள்ளியே அன்று என்று எண்ணி, பல தலைமுறைகள் தொழுத மரப்பள்ளிகளை இடித்துக் கான்கிரீட் எழுப்புகிறோம். வைரம் பாய்ந்த உத்திரங்கள் விறகு விலைக்குப் போகின்றன. வீண்விரயத்தைக் கண்டிக்கும் மார்க்கத்தினர் நாம் என்பதை அவ்வேளையில் மறந்துவிடுகிறோம்.

இனி ஒரு பழம்பள்ளியை இடிக்க ஜமாஅத் கூடும்போது, பொறியாளரை அழைக்குமுன் ஒரு முதிய தச்சரை அழைத்து, உளுத்தது எந்த மரம் என்று கேட்கட்டும். பெரும்பாலும் அவர் ஒன்றிரண்டு மரங்களையே சுட்டிக்காட்டுவார்.