யாதாமொருவர் முதல் யாராவது வரை: தகடூர் நாட்டை முன்வைத்துத் தமிழ் வரையறாப் பெயர்களின் வரலாறு

முன்னுரை

பேசுவோன் ஒருவரை அறியாத நிலையிலோ, அறிந்தும் சொல்ல வேண்டாத நிலையிலோ, இன்னார் எனச் சுட்ட இயலாத நிலையிலோ ஆளும் பெயர்கள் எல்லா மொழிகளிலும் உள்ளன. யாரோ, யாராவது, யாரும், ஏதோ, ஏதேனும், எதுவும் என்பன தமிழில் அத்தகையவை. இவற்றை இக்கட்டுரை ‘வரையறாப் பெயர்கள்’ எனக் குறிக்கிறது. தமிழ் இலக்கண மரபு இவற்றைத் தனி வகையாகத் தொகுக்கவில்லை. முதற்பகுதியை வினாப்பெயர் என்றும் இறுதிப்பகுதியை இடைச்சொல் என்றும் பிரித்தே ஓதியது. எனவே இவ்விரண்டும் சேர்ந்து புதுப்பொருள் தந்த வரலாறு கவனம் பெறாது போயிற்று. பண்டைய தகடூராகிய தருமபுரிப் பகுதி, தமிழுடன் கன்னடமும் தெலுங்கும் வழங்கும் எல்லை நிலமாதலின், அவ்வரலாற்றைக் காண ஏற்ற களமாகிறது.

அறியாப் பொருளும் வினாச்சொல்லும்

யாது, எவன் என்னும் இரு சொற்களும் அறியப்படாத பொருளைக் குறித்து வரும் என்கிறது தொல்காப்பியக் கிளவியாக்கம். அக்காலத்தில் ‘எவன்’ என்பது ‘என்ன’ என்னும் பொருளில் அஃறிணை வினாவாகவும் நின்றது. அது ஆண்பாற் பெயராக மட்டும் நிலைத்தது பிற்காலத்தில்தான். வினாவும் அறியாமையும் ஒரே சொல்லில் இணைந்திருப்பதை இவ்விதி உணர்த்துகிறது. வரையறாப் பெயர்களின் வித்து இங்கேயே உள்ளது.

இடையியல் ஓகாரத்திற்குப் பிரிநிலை, வினா, எதிர்மறை, ஒழியிசை, தெரிநிலை, சிறப்பு என 6 பொருள்களைத் தருகிறது. அவற்றுள் ஐயம் இல்லை. ஐயப்பொருள் ‘கொல்’ என்னும் இடைச்சொல்லுக்கு உரியதாக ஓதப்பட்டது. மங்கிய ஒளியில் தோன்றும் உரு மரக்கட்டையோ மனிதனோ என ஐயுறும் இடத்திற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டில் ‘கொல்’, ‘ஓ’ ஆகிய இரண்டும் சேர்ந்து ‘கொல்லோ’ என நிற்கின்றன. பின்னர்க் ‘கொல்’ வழக்கொழிந்தது. ஐயத்தைச் சுமக்கும் பணி ஓகாரத்திற்கு வந்தது. இன்றைய ‘யாரோ’ இம்மாற்றத்தின் விளைவெனக் கொள்ளலாம். நன்னூல் ஓகாரப் பொருள்களை 8 ஆக விரித்தபோதும் ஐயத்தை அவற்றுள் சேர்க்கவில்லை.

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் நீட்டித்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றின் 206ஆம் பாடல். தாம் எந்தத் திசையில் சென்றாலும் அந்தத் திசையில் உணவு உண்டு என்பது அதன் முடிவுக் கருத்து. வினாச்சொல் முன்னும் ‘இனும்’ ஈற்று வினை பின்னும் நின்று ‘எதுவாயினும்’ என்னும் பொருளைத் தருகின்றன. புலவரின் தன்மானம் முழுவதும் இத்தொடரமைப்பின் மீதே நிற்கிறது. ஒரு திசையைப் பெயர் சொல்லிச் சுட்டியிருந்தால் அது வெறும் செய்தியாகியிருக்கும். எத்திசையையும் வரையறுக்காமையே அதை அறைகூவல் ஆக்குகிறது.

திருக்குறளில் பயிலும் யாதானும், எனைத்தானும் என்பனவும் இத்தகையனவே. இவற்றின் ஈற்றிலுள்ள ‘ஆனும்’ ஆகு என்னும் வினையிலிருந்து பிறந்தது. ‘ஏனும்’ என்பது என் என்னும் வினையடியாகப் பிறந்த ‘எனினும்’ என்பதன் குறுக்கம். வினைகள் காலப்போக்கில் இடைச்சொற்களாகத் தேய்ந்ததை இவை காட்டுகின்றன.

கல்லும் செப்பேடும்

இலக்கியத்தில் நயமாக நின்ற இவ்வமைப்பு அறக்கொடை ஆவணங்களில் சட்டத் தேவையாயிற்று. கொடையளிப்பவர் பெயரும் பெறுபவர் பெயரும் நிலத்தின் எல்லைகளும் வரையறுக்கப்பட வேண்டியவை. ஆனால் அதனை எதிர்காலத்தில் காக்கப் போகிறவரும் அழிக்கப் போகிறவரும் இன்னார் என எழுதுபவர் அறியார். பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள் இவ்விடத்தை வினையாலணையும் பெயரால் நிரப்பின. ‘காத்தான்’, ‘அழித்தான்’ என்பன அங்கே நடந்து முடிந்த செயலைக் குறிப்பன அல்ல. எவன் செய்யினும் அவன் என்னும் பொருளன. ‘இதனை அழித்தவன்’ எனப் பொருள்படும் வினையாலணையும் பெயரையே கன்னடக் கல்வெட்டுகளும் இவ்விடத்தில் ஆண்டன. நுளம்பர் காலத்துக் கன்னடக் கல்வெட்டுகள் தருமபுரியிலேயே கிடைத்துள்ளமையால், இப்பகுதியில் இரு மொழி ஆவண மரபுகளும் அருகருகே வாழ்ந்தமை தெளிவு. திராவிட மொழிகளில் ஆங்கிலத்தில் உள்ளதைப் போன்ற தொடர்பிணைப்புப் பெயர்கள் இல்லை என்றும், அப்பணியைப் பெயரெச்சங்களே செய்கின்றன என்றும் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் விளக்கியது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

பிற்காலச் செப்பேடுகளில், குறிப்பாகச் சேதுபதி மன்னர்கள் வழங்கியவற்றில், ‘யாதாமொருவர்’ என்னும் சொல் நிலைபெற்றது. யாது, ஆம், ஒருவர் என்னும் மூன்று உறுப்புகளால் ஆகிய இச்சொல், அறத்திற்குக் கேடு செய்பவர் எவராயினும் அவருக்குப் பாவம் சேரும் எனக் கூறும் இடத்தில் வந்தது. அரசன், அதிகாரி, அயலான், கொடையாளியின் வழித்தோன்றல் ஆகிய ஒருவரும் தப்பாதபடி அடைத்த வேலி அது.

மும்மொழி எல்லையில் ஓர் அச்சு

சேலம் மாவட்டத்திலிருந்து 1965இல் தருமபுரி மாவட்டமும், அதிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிந்தன. இந்நிலப்பகுதியில் வழங்கும் மூன்று மொழிகளும் வரையறாப் பெயர்களை ஒரே அச்சில் வார்க்கின்றன. தமிழில் யாரோ, கன்னடத்தில் யாரோ, தெலுங்கில் எவரோ என்பன ஓகாரத்தால் முடிகின்றன. தமிழில் யாராவது, கன்னடத்தில் யாராதரூ, தெலுங்கில் எவரைனா என்பன ‘ஆகு’ என்னும் பொருளுடைய வினையால் முடிகின்றன.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கன்னட ‘ஆதரூ’, தெலுங்கு ‘ஐனா’ ஆகியவை ‘ஆனாலும்’ என்னும் பொருளைத் தெளிவாகத் தாங்குகின்றன. பழந்தமிழ் ‘ஆனும்’, ‘ஆயினும்’ ஆகியவையும் அவ்வாறே. இன்றைய பேச்சுத்தமிழோ ‘ஆவது’ என்னும் வினைப்பெயரை இவ்விடத்தில் பொதுவழக்காக்கிக் கொண்டது. பழைய வடிவங்கள் ‘யாரேனும்’, ‘எவராயினும்’ என எழுத்து வழக்கிலும் சட்டத்தமிழிலும் ஒதுங்கின. இவ்வகையில் தமிழின் பழைய அமைப்பைப் பேச்சில் இன்றும் பேணுபவை அண்டை மொழிகளே எனலாம்.

ஆங்கிலத்தோடு ஒப்பீடு

1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமானது. அதன்பின் ஆங்கிலம் இங்கே ஆட்சிமொழியாகவும் பின்னர்ப் பள்ளிப்பாடமாகவும் நுழைந்தது. ஆங்கிலம் ‘சம்படி’, ‘எனிதிங்’ என அளவுச்சொல்லோடு ஆள், பொருள் என்னும் பொதுப்பெயர்களை ஒட்டுகிறது. 326 மொழிகளை ஆராய்ந்த உலக மொழி அமைப்பு நிலப்படத்தில் 194 மொழிகள் வினாச்சொல் அடிப்படையையும், 85 மொழிகள் பொதுப்பெயர் அடிப்படையையும் கொண்டவை. தமிழின் வழியே உலகின் பெருவழி.

அடையாக வரும் சொற்களிலும் வேறுபாடு உண்டு. ஆங்கிலம் ‘எல்ஸ்’ என்னும் வினையடையைப் பெயருக்குப் பின் வைத்து ‘சம்படி எல்ஸ்’ என்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘எல்லெஸ்’ என வழங்கிய இச்சொல், ‘மற்று’ எனும் பொருளுடைய அடியின் ஆறாம் வேற்றுமை வடிவம் வினையடையானது. உடைமை உருபு 19ஆம் நூற்றாண்டு வரையிலும் ‘சம்படிஸ் எல்ஸ்’ எனப் பெயரோடு நின்றதுண்டு. பின்னர் ‘சம்படி எல்ஸஸ்’ எனத் தொடரின் இறுதிக்கு நகர்ந்தது. இருசொற்களும் ஒன்றாக இறுகியமைக்கு அதுவே சான்று.

தமிழில் ‘வேறு’ முன்னால் வருகிறது. வேற்றுமை உருபு இடையில் நிற்கிறது. வேறு யாரையாவது, வேறு யாரிடமோ, வேறு யாருக்கும் என்னும் தொடர்களில் உருபை ஏற்பது வினாப்பெயரே. இடைச்சொல் அதற்குப் பின்னரே சேர்கிறது. கன்னட ‘யாரிகோ’, தெலுங்கு ‘எவரிகோ’ ஆகியவையும் இவ்வாறே அமைகின்றன. ‘யாதாமொருவரை’ என்பதில் மட்டும் உருபு இறுதியில் நிற்கிறது. அது முழுமையாக இறுகிய ஒற்றைச்சொல். எனவே யாரோ, யாராவது என்பனவற்றின் இரு உறுப்புகளும் இன்றும் உயிர்ப்போடு பிரிந்தே இயங்குகின்றன என அறியலாம்.

இவ்வேறுபாட்டை விளக்காமல் கற்பிப்பதன் விளைவை வகுப்பறையில் காணலாம். ‘யாரும் வரவில்லை’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றும் மாணவர் ‘எனிபடி டிட் நாட் கம்’ என எழுதுகிறார். எதிர்மறை வினைக்கு முன் எழுவாயாக ‘எனிபடி’ வாராது. ‘நோபடி கேம்’ என எதிர்மறையைப் பெயரிலேயே ஏற்ற வேண்டும். இது மாணவரின் அறியாமையன்று. உம்மையும் எதிர்மறை வினையும் கூடிப் பொருள் தரும் தாய்மொழி விதியின் சரியான பயன்பாடு, தவறான இடத்தில் நிகழ்ந்தது.

முடிவுரை

ஐயத்தை ஏற்ற ஓகாரம், முற்றும் எதிர்மறையும் உணர்த்தும் உம்மை, வினையிலிருந்து தேய்ந்த ஆனும், ஏனும், ஆவது ஆகியவை வினாச்சொல்லோடு கூடித் தமிழின் வரையறாப் பெயர்களை ஆக்கின. ஔவையாரின் அறைகூவலுக்கும் அறக்கொடையின் காப்புரைக்கும் இவ்வாற்றலே துணைநின்றது. இலக்கண நூல்கள் தனித்தனியே ஓதிய இவ்விரு பகுதிகளை ஒரே வகையாகத் தொகுத்துப் பள்ளி இலக்கணத்தில் சேர்த்தல் வேண்டும். தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகியவற்றுள் எதனைத் தாய்மொழியாகக் கொண்டு தருமபுரி மாணவர் வந்தாலும், ஆங்கிலத்தை ஒப்பிட்டுக் கற்பதற்கான விதி அவரிடம் முன்னரே உள்ளது.