கோடரி வெட்டுண்ட கதவு: டியர்பீல்ட் ஊர் வரலாற்றுச் சங்கம் பற்றிய ஒரு நோக்கு

ஊர் வரலாறு என்பது பெரும்பாலும் ஊரை நேசிப்பவர்களால் எழுதப்படுவது. அதுவே அதன் பலம், பலவீனமும் அதுவே. அரசாங்கச் சுவடிக்கூடங்கள் கவனியாது விட்ட பழைய உறுதிகளையும் கணக்குப் புத்தகங்களையும் வீட்டுப் பாவனைப் பொருட்களையும் தேடிக் காப்பவர்கள் அவர்களே. யார் ஊரவர், யார் அந்நியர் என்பதைத் தீர்மானிப்பவர்களும் அவர்களே. இவ்விரு பக்கங்களையும் ஒருங்கே நோக்குவதற்கு ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள டியர்பீல்ட் என்ற சிற்றூரின் வரலாற்றுச் சங்கம் பொருத்தமான உதாரணமாகும்.

அச்சங்கத்தின் பெயர் பொகும்டக் பள்ளத்தாக்கு நினைவுச் சங்கம். 1870 ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. கனெக்டிகட் ஆற்றை அண்டிய அந்தப் பள்ளத்தாக்கில் ஆங்கிலேயர் குடியேறுவதற்கு முன்பிருந்தே வாழ்ந்து வந்த பூர்வகுடியினரின் பெயரே பொகும்டக் என்பதாகும். அம்மக்களின் பெயரைத் தாங்கிய சங்கம், நெடுங்காலம் அவர்களது கதையைச் சொல்லவில்லை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

1704 ஆம் ஆண்டின் அதிகாலை

டியர்பீல்டின் நினைவில் ஆழப் பதிந்த நிகழ்ச்சி 1704 பெப்ரவரி 29 ஆம் திகதி நடைபெற்றது. ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே போர் நிகழ்ந்துகொண்டிருந்த காலம். ஹெர்டெல் டி ரூவில் என்ற பிரெஞ்சு அதிகாரியின் தலைமையில் பிரெஞ்சுப் படையினரும், அபெனாக்கி, மோஹாக், ஹியூரன் முதலிய பூர்வகுடிகளைச் சேர்ந்த போர்வீரர்களும் விடியுமுன் ஊருக்குள் புகுந்தனர். ஏறத்தாழ 50 பேர் கொல்லப்பட்டனர். 112 பேர் கைதிகளாகப் பிடிக்கப்பட்டு, பனியினூடாக ஏறக்குறைய 480 கிலோமீற்றர் தூரம் கனடாவுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். வழியிலும் பலர் மாண்டனர். ஊர்ப் போதகரான ஜோன் வில்லியம்ஸ், அவருடைய மனைவி, பிள்ளைகள் ஆகியோரும் கைதிகளுள் அடங்குவர். மனைவி வழியிலேயே கொல்லப்பட்டார். 1706 இல் விடுதலையான வில்லியம்ஸ், தமது சிறைவாசம் பற்றி எழுதிய நூல் 1707 இல் வெளிவந்தது.

அன்றைய தாக்குதலுக்குத் தப்பி நின்ற வீடுகளுள் ஒன்று ஜோன் ஷெல்டன் என்பவருடையது. அதன் தடித்த முன்கதவைக் கோடரியால் வெட்டித் துவாரமிட்டு, அதனூடாகச் சுட்டதில் வீட்டுக்காரரின் மனைவி உயிரிழந்தார் என ஊரவர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். அவ்வீட்டைக் காப்பாற்ற ஊரவர் சிலர் முயன்றும் பயனின்றி 1848 இல் அது இடிக்கப்பட்டது. கதவு மட்டும் எஞ்சியது. 1863 இல் பொஸ்டன் நகரத்தவர் ஒருவருக்கு அது விற்கப்பட்டபோதுதான் தாம் இழந்தது என்ன என்பதை ஊரவர் உணர்ந்தனர். 1868 இல் கதவு ஊருக்குத் திரும்பியது. இரண்டாண்டுகளில் சங்கம் பிறந்தது.

சங்கத்தின் பணிகள்

சங்கத்தை முன்னின்று அமைத்தவர் ஜோர்ஜ் ஷெல்டன் (1818–1916). கதவுக்குரிய ஜோன் ஷெல்டனின் வழிவந்தவர். ஆண்டுதோறும் கூட்டம் கூடிக் கட்டுரைகள் வாசித்தல், அவற்றைத் தொகுத்து அச்சிடல், நிகழ்ச்சிகள் நடந்த இடங்களில் நினைவுக்கற்கள் நாட்டல், பழம்பொருள் திரட்டல் என்பனவே சங்கத்தின் பிரதான செயற்பாடுகளாயின. 1798 இல் கட்டப்பட்ட பழைய பாடசாலைக் கட்டடம் நினைவு மண்டபமாக மாற்றப்பட்டு, 1880 இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. அரசர்களின் வாளும் முடியுமல்ல, அடுப்பும் நூல் நூற்கும் இராட்டையும் கட்டிலும் அங்கு வைக்கப்பட்டன. அடுக்களை, படுக்கையறை என அறைகளே பழைய முறைப்படி ஒழுங்கு செய்யப்பட்டன. சாதாரண மனிதரின் வாழ்வும் வரலாறே என்பதை அக்காலத்திலேயே உணர்ந்து செயற்பட்டமைக்காக இச்சங்கத்தைப் பாராட்டவே வேண்டும். ஷெல்டன் எழுதிய டியர்பீல்ட் வரலாறு இரு பாகங்களாக 1895–96 காலப்பகுதியில் வெளிவந்தது.

மண்டபத்தில் நினைவறை ஒன்றும் அமைக்கப்பட்டது. 1704 இல் இறந்தவர்கள், சிறைப்பட்டவர்கள் ஆகியோரின் பெயர்கள் அங்கே சலவைக்கல்லில் பொறிக்கப்பட்டன. பிழை நேர்ந்ததும் இங்குதான். தாக்க வந்தவர்களைக் குறிக்கக் 'காட்டுமிராண்டி' என்ற பொருள்படும் சொல்லே கல்லில் ஏறியது. 1884 இல் போதகரின் மனைவி கொல்லப்பட்ட இடத்தில் சங்கம் நாட்டிய நினைவுக்கல்லிலும் அதே தொனியே ஒலித்தது.

கல்லில் ஏறாதவர்கள்

1704 ஆம் ஆண்டு நிகழ்ச்சி நீண்டகாலம் 'டியர்பீல்ட் படுகொலை' என்றே வழங்கியது. ஆனால் அதற்கு 28 ஆண்டுகளுக்கு முன், 1676 மே 19 ஆம் திகதி, அண்மையிலுள்ள நீர்வீழ்ச்சியோரம் மீன்பிடிக் காலத்தில் தங்கியிருந்த பூர்வகுடி மக்களை ஆங்கிலேயர் விடியுமுன் சூழ்ந்து தாக்கினர். பெண்கள், சிறுவர், முதியோர் எனப் பலர் மடிந்தனர். அதற்கு வழங்கிய பெயரோ 'நீர்வீழ்ச்சிச் சண்டை'. தாக்குதலை நடத்திய தளபதி டர்னரின் பெயரை அவ்விடம் இன்றும் தாங்கி நிற்கிறது. இரண்டும் விடியுமுன் நிகழ்ந்தவை; இரண்டிலும் நிராயுதபாணிகள் மாண்டனர். ஒன்று படுகொலை, மற்றையது சண்டை. எழுதுபவன் எந்தக் கரையில் நிற்கிறான் என்பதைச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சிறைப்பட்டவர்களின் கதையும் கல்லில் முழுமையாக அடங்கவில்லை. போதகரின் மகள் யூனிஸ், பிடிபட்டபோது ஏழு வயதுச் சிறுமி. கானவாக்கே என்ற மோஹாக் கிராமத்தில் வளர்ந்து, கத்தோலிக்க மதத்தைத் தழுவி, அரோசன் என்பவரை மணந்துகொண்டார். தந்தையும் உறவினரும் வருந்தி அழைத்தும் திரும்பி வந்து வாழ மறுத்தார். பின்னாளில் சில தடவைகள் உறவினரைக் காண வந்து போனார். 1785 இல் கானவாக்கேயிலேயே காலமானார். அவர் தனியொருவர் அல்லர். ஜோசையா ரைசிங், அபிகேல் நிம்ஸ் ஆகிய இரு சிறுவர் கைதிகளும் கனடாவிலேயே வளர்ந்து, ஒருவரையொருவர் மணந்து அங்கேயே நிலைத்தனர். இக்கதைகளைக் கனடாவின் தேவாலயப் பதிவேடுகளில் தேடிக் கண்டெடுத்தவர் அலிஸ் பேக்கர் என்ற பெண்மணி. அவரும் இச்சங்கத்தைச் சேர்ந்தவரே. அவரது நூல் 1897 இல் வெளிவந்தது. 'இழந்தோம்' என்று ஊர் எண்ணியிருந்த பிள்ளைகள் வேறோர் ஊரில் தாயாகவும் தந்தையாகவும் வாழ்ந்து முடித்திருந்தனர்.

பூர்வகுடியினர் அப்பிரதேசத்திலிருந்து அடியோடு மறைந்துவிட்டனர் என்ற கருத்தே ஷெல்டனின் எழுத்துகளில் மேலோங்கி நின்றது. ஆயினும் 1837 இல் அபெனாக்கியர் சிலர் டியர்பீல்டுக்கு வந்து, தாம் வில்லியம்ஸ் குடும்பத்தின் வழித்தோன்றல்கள் எனக் கூறிச் சில நாட்கள் கூடாரமிட்டுத் தங்கிச் சென்றனர். ஊர்ப் போதகர் அதனையொட்டிப் பிரசங்கமும் செய்தார். அப்போது ஷெல்டனுக்கு வயது பதினெட்டு. மறைந்துபோனதாகச் சொல்லப்பட்ட மக்கள், உறவு கொண்டாடி வாசலுக்கே வந்திருந்தனர்.

ஊரின் மற்றொரு பகுதியினர் கறுப்பின அடிமைகள். ஆபிரிக்காவிலிருந்து குழந்தையாகக் கொண்டுவரப்பட்டு டியர்பீல்டில் அடிமையாயிருந்த லூசி டெரி, 1746 இல் அங்கு நடந்த மற்றொரு தாக்குதலைப் பற்றிப் பாட்டுக் கட்டினார். நூறாண்டுகளுக்கு மேல் வாய்மொழியாகவே வழங்கி, 1855 இல் நூலொன்றில் அச்சேறிய அப்பாட்டு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் படைப்புகளுள் இன்று அறியக்கிடப்பவற்றில் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. ஊரின் துயரைப் பாடி வைத்தவள் ஊராரின் உடைமையாக இருந்தாள். ஷெல்டனைப் பற்றி நியாயமாகச் சொல்வதாயின், டியர்பீல்டில் நிலவிய அடிமை முறை பற்றி 1893 இல் அவரே கட்டுரை எழுதியுள்ளார்.

மீள்வாசிப்பு

காலம் செல்லச் செல்லச் சங்கத்தின் பார்வை மாறியது. 2004 இல், நிகழ்ச்சியின் முந்நூறாவது ஆண்டு நிறைவையொட்டி, ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், அபெனாக்கியர், மோஹாக்கியர், ஹியூரன் மக்கள் ஆகிய ஐந்து தரப்பினரின் நோக்கிலும் அதே கதையைச் சொல்லும் இணையத்தளம் ஒன்றைச் சங்கம் உருவாக்கியது. 'படுகொலை' என்ற சொல்லுக்குப் பதிலாகத் 'தாக்குதல்' என்ற சொல் இடம்பிடித்தது. நினைவறையின் சலவைக்கற்களை அவர்கள் உடைத்தெறியவில்லை. மனத்தைப் புண்படுத்தும் வாசகங்கள் உள்ள பலகைகளின் மேல், திருத்திய வாசகம் எழுதிய மூடிகளைப் பொருத்தினர். மூடியைத் தூக்கினால் பழைய வாசகத்தையும் படிக்கலாம்.

இம்முறை சிந்திக்கத்தக்கது. பழைய கல்லை அகற்றியிருந்தால், முன்னோர் அவ்வாறு எழுதினர் என்பதே மறைந்திருக்கும். அப்படியே விட்டிருந்தால், அவ்வாறு எழுதியது சரி என்றாகிவிடும். மூடியும் கல்லும் சேர்ந்து நிற்கும்போது, வரலாறு எவ்வாறு எழுதப்பட்டது என்பதும் வரலாறாகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. விடுபட்டவர்களின் கதையை இன்று எழுதுவோருக்கும், விட்டுவிட்டவர்கள் சேர்த்து வைத்த உறுதிகளும் கணக்குப் புத்தகங்களும் கடிதங்களுமே உதவுகின்றன. ஷெல்டனின் முடிவுகளை மறுக்கலாம். அவர் காத்துத் தந்த தாள்களை மறுக்க முடியாது. ஆகவே ஊர் வரலாறு எழுத முனைவோர் முதலில் சேகரிக்க வேண்டும், தமக்குப் பிடிக்காதவற்றையும் சேர்த்து. எழுதும்போதோ, பக்கத்து ஊரவனும் ஊரைவிட்டுப் போனவனும் ஊரில் குரலற்று வாழ்ந்தவனும் ஒருநாள் அதை வாசிப்பார்கள் என்ற நினைவோடு எழுத வேண்டும். டியர்பீல்டில் அவர்களுடைய பிள்ளைகள் வாசிக்க வந்தார்கள். அந்தக் கதவின் துவாரத்தை இன்று இரு பக்கமிருந்தும் பார்க்கிறார்கள்.