சிறு பெட்டியும் பல திரைகளும்

மேஜைக் கணினியோடு எத்தனை திரைகளை இணைக்கலாம் என்று கேட்டால், பெட்டியைத் திருப்பி அதன் முதுகில் உள்ள துவாரங்களை எண்ணி விடை சொல்லுவது நம்மில் பெரும்பாலோரின் வழக்கம். கணினியின் சரித்திரமோ அந்த எண்ணிக்கையைத் திரும்பத் திரும்பப் பொய்யாக்கியே வந்திருக்கிறது. திரையில் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும் சித்திரம் உண்மையில் விநாடிக்குச் சுமார் 60 தடவை நினைவகத்திலிருந்து வாசிக்கப்பட்டுப் புள்ளி புள்ளியாக அனுப்பப்படுவது. அவ்வாறு அனுப்புவதற்கென்று ஒவ்வொரு திரைக்கும் பிரத்தியேகமான ஒரு சுற்று உள்ளே இருந்தாக வேண்டும். அந்தச் சுற்றுகள் எத்தனை, அவை ஒன்றோடொன்று மோதாமல் வேலை செய்ய மார்க்கம் உண்டா என்பவையே எக்காலத்திலும் விஷயத்தைத் தீர்மானித்தன.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, வாங்குவோர் முன் இரண்டு டிஸ்ப்ளே கார்டுகள் இருந்தன: எழுத்துக்களை மட்டும் பச்சை நிறத்தில் கூர்மையாகக் காட்டும் எம்.டி.ஏ. ஒன்று, வர்ணமும் சித்திரமும் காட்டவல்ல, ஆயினும் எழுத்தில் அந்தக் கூர்மை இல்லாத சி.ஜி.ஏ. மற்றொன்று. நினைவகத்தில் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு விலாசங்கள் ஒதுக்கப்பட்டிருந்தபடியால், இரண்டையும் ஒரே யந்திரத்தில் பொருத்தி, இரு திரைகளை அருகருகே வைத்துக்கொள்ளத் தடையொன்றும் இருக்கவில்லை. எந்தத் திரையில் எழுதுவது என்பதை டாஸ் இயங்குதளத்தின் ‘மோட்’ என்ற கட்டளையால் மாற்றிக்கொள்ளலாம். 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3, கணக்கு அட்டவணையைப் பச்சைத் திரையிலும் அதன் வரைபடத்தை வர்ணத் திரையிலும் ஏக காலத்தில் காட்டி வியாபாரிகளை மகிழ்வித்தது. ஆனால் இந்த ஏற்பாட்டின் மெய்யான பயனைக் கண்டவர்கள் புரோகிராம் எழுதுவோரே. தாம் எழுதியது ஒரு திரையில் ஓடிக்கொண்டிருக்க, அதன் பிழையைத் தேடும் டீபக்கர் மற்றொரு திரையில் நின்று அதைக் கண்காணிக்கும் சௌகரியத்தை அவர்கள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. புதிய கார்டுகள் வந்து பல ஆண்டுகள் சென்ற பின்பும் பழைய பச்சைத் திரையைப் பரணில் ஏற்றாமல் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள்.

அப்படி வைத்திருந்ததற்குப் பழைய பொருளின்மேல் கொண்ட அபிமானம் மட்டும் காரணமன்று. 1987 ஏப்ரலில் பி.எஸ்/2 கணினிகளோடு ஐ.பி.எம். கொண்டுவந்த வி.ஜி.ஏ. என்னும் புதிய முறை, காட்சியின் அழகில் முன்னவற்றை விஞ்சியதாயினும், அம்முறையைச் சார்ந்த கார்டுகள் யாவும் ஒரே விலாசத்தையே தமதென்று கோரின. ஒரே கதவிலக்கத்தில் இரண்டு குடித்தனம் இருந்தால் தபால்காரர் படும் பாட்டை இரண்டு வி.ஜி.ஏ. கார்டுகளைப் பெற்ற யந்திரமும் பட்டது. ஆகவே அந்நாளில் இரண்டாவது திரை வேண்டியவனுக்கு, வேறு விலாசத்தில் குடியிருந்த பழைய எம்.டி.ஏ. இனமே கதியாயிற்று. இதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னர், 1987 மார்ச்சில், ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மாக்கின்டாஷ் 2 இந்தச் சங்கடத்தை அடியோடு தவிர்த்திருந்தது. அதன் 6 ஸ்லாட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் தனி விலாசப் பரப்பு உண்டு; எந்த ஸ்லாட்டில் கார்டைச் செருகினாலும் அது அந்த ஸ்லாட்டின் விலாசத்தைப் பெற்றுவிடும். அதைவிட விந்தையானது, எல்லாத் திரைகளையும் சேர்த்து ஒரே மேஜைப் பரப்பாக அந்த யந்திரம் பாவித்ததுதான்: ஒரு ஜன்னலின் பாதி கறுப்பு வெள்ளைத் திரையிலும் மறு பாதி வர்ணத் திரையிலும் கிடந்தால், இரு பாதிகளையும் அந்தந்தத் திரையின் சக்திக்கு ஏற்ப அது வரைந்து காட்டியது. விண்டோஸ் இந்த நிலையை எட்ட 1998 வரை காத்திருக்க நேர்ந்தது; எட்டியபோது 9 திரைகள் வரை அனுமதித்தது. அடுத்த ஆண்டே மேட்ராக்ஸ் நிறுவனத்தின் ஜி400 ஒரே கார்டில் இரு திரைகளுக்கு இடம் தந்து, கார்டுக்கு ஒரு திரை என்ற நியதியை ஆட்டங்காணச் செய்தது.

விலாசத் தகராறு தீர்ந்தபின் கடிகாரத் தகராறு பிறந்தது. டி.வி.ஐ., எச்.டி.எம்.ஐ. ஆகிய இணைப்புகளில் ஒவ்வொரு திரைக்கும் அதற்குரிய வேகத்தில் துடிக்கும் தனிக் கடிகாரச் சுற்று தேவை. அந்நாளைய கிராஃபிக்ஸ் சிப்புகளிலோ அத்தகைய சுற்றுகள் இரண்டுக்கு மேல் இருந்தது அபூர்வம். டிஸ்ப்ளேபோர்ட் என்ற இணைப்பு பல திரைகளுக்கும் பொதுவான ஒரே கடிகாரத்தைக் கொண்டு வேலை செய்வது. ஆகவே 2009-ல் ஏ.டி.ஐ. ரேடியான் கார்டுகள் மூன்று திரைகளுக்கும், பின்னர் அவற்றில் ஒரு வகை ஆறு திரைகளுக்கும் உயிரூட்ட முடிந்தது. ஆனால் மூன்றாவதாக ஒரு டி.வி.ஐ. திரையைச் சாதாரண அடாப்டர் ஒன்றின் மூலம் இணைத்தவர்கள் இருண்ட கண்ணாடியையே கண்டனர். தனக்கென்று சொந்தச் சுற்றுடைய, விலை கூடிய ‘ஆக்டிவ்’ அடாப்டரால்தான் அதை ஒளிரச் செய்ய முடியும் என்பது பலருக்குப் பணம் செலவான பிறகே தெரிந்தது.

ஸ்லாட்டே இல்லாத சிறு பெட்டிகளில் கார்டை மாற்றும் உபாயமும் இல்லை. 2005 ஜனவரியில் 499 டாலர் விலையில், ஆறரை அங்குலச் சதுரமும் 2 அங்குல உயரமுமாக, திரையோ கீபோர்டோ மவுஸோ இல்லாமல் வெளிவந்த ஆப்பிளின் மேக் மினிக்கு ஒரே ஒரு டி.வி.ஐ. துவாரம். 2009-ல் அது இரண்டு திரைகளுக்கு வளர்ந்தது. 2018-ன் மினியில் தண்டர்போல்ட் என்னும் இணைப்புக்கான துவாரங்கள் நான்கும் எச்.டி.எம்.ஐ. ஒன்றுமாக ஐந்து துவாரங்கள் இருந்தன, திரைகளோ மூன்று. 2020-ல் எம்1 சிப்போடு வந்த மினி வேகத்தில் முந்தியதை வென்றும், திரைகளில் இரண்டாகக் குறுகிவிட்டது. மடிக்கணினிக்கும் பொதுவான அந்தச் சிப்பில் காட்சிச் சுற்றுகள் இரண்டே. தண்டர்போல்ட் வழியே ஒன்றும் எச்.டி.எம்.ஐ. வழியே ஒன்றுமே ஒளிரும். வேகத்தைக் கண்டு மயங்கி, இருந்த மூன்றாவது திரையை இழந்தவர்களின் மனக்குறை நியாயமானதே என்பது என் அபிப்பிராயம்.

அவர்களில் பலர் டிஸ்ப்ளேலிங்க் என்னும் யுக்தியை நாடினர். உள்ளே சுற்று இல்லாத குறையை மென்பொருளால் ஈடுசெய்து, சித்திரத்தைச் சுருக்கி யு.எஸ்.பி. வழியே வெளியிலுள்ள ஒரு சிப்புக்கு அனுப்பி விரிக்கச் செய்யும் முறை அது. எழுத்து வேலைக்கு அது தாராளமாகப் போதும். வேகமான விளையாட்டுக்களில் தடுமாறும். மேக் அதைத் திரையைப் பதிவு செய்யும் மென்பொருளாகக் கருதி, முதலில் நம்மிடம் அனுமதி கேட்கும். பதிப்புரிமைக் காப்புள்ள திரைப்படம் அந்தத் திரையில் ஓட மறுக்கும்.

2024-ல் 5 அங்குலச் சதுரமாகச் சுருங்கிவிட்ட எம்4 மினி மீண்டும் மூன்று திரைகளுக்கு வந்து சேர்ந்தது. அதன் பின்புறத்தில் மூன்று தண்டர்போல்ட் துவாரங்களும் ஓர் எச்.டி.எம்.ஐ.யும் உண்டு, முன்புறத்தில் வடிவத்தால் அந்த மூன்றினின்றும் வேறுபடுத்த முடியாத இரு துவாரங்கள் இருக்கின்றன, அவற்றில் திரையைச் செருகினால் படம் வராது.